ஆழம் பார்த்து வைக்கும் அடி

ரப்பர் பந்து ஒன்றை மேசைமேல் வைத்து அமுக்கினால் அதன் அடிப்பக்கம் சப்பையாகி மேசையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பகுதி எவ்வளவு பெரியது? மீட்சியியலில் தேர்ந்தவரையும் இந்தக் கேள்வி முதல் வரியிலேயே மடக்கும். பொருளின் விளிம்பில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால்தான் மீட்சியியல் சமன்பாடுகளைத் தீர்க்க முடியும். மேசையைத் தொடும் இடத்துக்கு ஒரு நிபந்தனை, தொடாத இடத்துக்கு வேறொன்று. எந்த இடம் தொடும், எது தொடாது என்பதோ விடை வந்த பிறகுதான் தெரியும். பந்து போன்ற ஒழுங்கான வடிவங்களுக்கு ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882இலேயே விடை கண்டுவிட்டார். கோணல்மாணலான பொருளுக்கு அவர் வழி உதவாது.

1959இல் ரோமில் ஆற்றிய விரிவுரைகளில் அந்தோனியோ சின்யோரினி இந்தக் கணக்கைப் பொதுவடிவில் முன்வைத்தார். விளிம்பு நிபந்தனைகள் இருபொருள்படும் கணக்கு என்பது அவர் தந்த பெயர். விளிம்பின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் ஒன்று உண்மை. இடைவெளி இல்லையென்றால் மேசையின் அழுத்தம் இருக்கலாம். இடைவெளி இருந்தால் அழுத்தம் பூஜ்யம். மேசை பொருளைத் தள்ளுமே தவிர இழுக்காது. எந்தப் புள்ளியில் எது என்பதைக் கணக்கே கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய மாணவர் கயதானோ ஃபிகேரா விடை கண்டு 1963இல் அறிவித்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் சின்யோரினி காலமானார். மாணவர் வென்ற செய்தி அவருடைய கடைசி நாட்களில் அவரை எட்டிவிட்டது. சின்யோரினி கணக்கு என்ற பெயரைச் சூட்டியவரும் ஃபிகேராதான்.

ஃபிகேரா பற்றிக்கொண்ட கொழுகொம்பு, ஆற்றல். மேசைக்குள் ஊடுருவாத எல்லா வடிவங்களையும் எடுத்துக்கொள், அவற்றுள் எதன் ஆற்றல் மிகக் குறைவோ அதுவே விடை. ஒரு பள்ளம் இருக்கிறது, அதன் அடியைத் தேடு என்கிற இந்த யோசனை இயற்பியலில் வெகு காலமாக வழங்குவதுதான். அடுத்த ஆண்டே, 1964இல், கீதோ ஸ்டம்பாக்கியா அந்தப் பள்ளம்கூடத் தேவையில்லை என்று காட்டினார். 'மாறுபாட்டு அசமன்பாடு' என்ற துறை அங்கிருந்து தொடங்குகிறது.

பெயர்தான் மிரட்டும், உள்ளே இருப்பதைச் சூத்திரம் இல்லாமலே சொல்லிவிடலாம். நாம் நிற்க அனுமதி உள்ள இடங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பரப்பு. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு வரைந்திருக்கிறது: அங்கே நிற்பவரை எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதை அது காட்டும். நாம் தேடுவது ஒரு விசேஷமான புள்ளி. அங்கிருந்து பரப்புக்குள் செல்லக்கூடிய எந்தத் திசையை எடுத்தாலும், அம்பு அந்தத் திசையோடு செங்கோணமோ விரிகோணமோதான் ஆக்க வேண்டும். குறுங்கோணம் ஆக்கக் கூடாது. அதாவது, போக முடிந்த எந்தப் பக்கத்துக்கும் அம்பின் தள்ளு துணைசெய்யவில்லை. பரப்பின் நடுவில் இப்படி ஒரு புள்ளி இருந்தால் அங்கே அம்பின் நீளம் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். ஓரத்தில் இருந்தால் அம்பு வெளியே பார்த்து நிற்கலாம். தள்ளு இருக்கும், நகர இடம் இருக்காது. 'கோணம் குறுங்கோணம் ஆகக் கூடாது' என்ற நிபந்தனை சமன்பாடாக வராமல் 'இதைவிடக் குறையாது' என்ற வடிவில் வருவதால் அது அசமன்பாடு.

இதில் ஆற்றல் என்ற பேச்சே இல்லை. அம்புகள் ஏதோ ஒரு பள்ளத்தின் சரிவுகளாக இருந்தால் ஃபிகேராவின் கணக்கு திரும்பக் கிடைக்கும். எந்தப் பள்ளத்துக்கும் சொந்தமில்லாத அம்புகளாக இருந்தாலும் கேள்விக்குப் பொருள் உண்டு. சாலைப் போக்குவரத்துதான் இதற்கு நல்ல சான்று.

1952இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் வார்ட்ராப் ஒரு விதியை எழுதினார். போக்குவரத்து ஒரு நிலைக்கு வந்துவிட்டால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயன்பாட்டில் உள்ள பாதைகள் எல்லாவற்றிலும் பயண நேரம் ஒன்றாக இருக்கும். யாரும் போகாத பாதையில் நேரம் அதைவிடக் குறைவாக இராது. ஒவ்வொருவரும் தன் நேரத்தை மட்டும் பார்த்தால் முடிவது இங்கேதான். இது ஊருக்கு நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 1968இல் ஜெர்மானியக் கணிதர் டீட்ரிக் பிராய்ஸ் காட்டிய முரண் பிரசித்தம். பாடநூல்களில் வழங்கும் எண்களிலேயே பார்க்கலாம். 4000 கார்கள், இரண்டு பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் ஒரு துண்டு, நெரிசல் எப்படியிருந்தாலும் 45 நிமிடம் எடுக்கும் அகலச் சாலை. இன்னொரு துண்டு, 100 காருக்கு ஒரு நிமிடம் என்று நேரம் கூடும் குறுகிய சாலை. முதல் பாதையில் குறுகிய துண்டு முன்னால் வரும், இரண்டாவதில் பின்னால். கார்கள் சரிபாதியாகப் பிரிந்தால் எல்லாருக்கும் 20 கூட்டல் 45, ஆக 65 நிமிடம். இப்போது இரு பாதைகளின் நடுவே, நேரமே எடுக்காத ஓர் இணைப்புச் சாலை போடுகிறார்கள். குறுகிய துண்டுகள் இரண்டையும் அதன் வழியே சேர்த்துவிடலாம். போட்ட அன்று அந்த வழியில் 40 நிமிடம்தான் ஆகும் என்று பார்த்து எல்லாரும் அங்கே பாய்வார்கள். முடிவில் 4000 காரும் அதே வழியில். ஆளுக்கு 80 நிமிடம். பழைய பாதைக்குத் திரும்பினால் 85 ஆகும் என்பதால் ஒருவரும் திரும்பமாட்டார். சாலை கூடியது, 15 நிமிடமும் கூடியது.

மாறுபாட்டு அசமன்பாட்டின் சோதனை இங்கே மிக எளிமையாகிவிடுகிறது. இந்த நிமிடத்தின் பயண நேரங்களை அப்படியே உறையவைத்துக்கொள்ளுங்கள். கார்களை வேறு எப்படிப் பங்கிட்டாலும், உறைந்த நேரங்களின்படி மொத்தம் குறையவில்லை என்றால் அதுவே சமநிலை. 80 நிமிட நிலையில் எந்தக் காரை இடம் மாற்றினாலும் 5 நிமிடம் ஏறுகிறது, சோதனை தேறிவிட்டது. இணைப்புச் சாலை வந்த பிறகு பழைய சரிபாதி நிலையில் ஒரு காரை மாற்றினால் 25 நிமிடம் மிச்சம், தேறவில்லை.

ஆனால் பிராய்ஸின் சாலைகளிலும் பள்ளம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு சாலையின் நேரம் அந்தச் சாலையில் ஓடும் கார்களை மட்டும் பொறுத்தது என்றால், சமநிலையைத் தன் அடியாகக் கொண்ட ஒரு செயற்கையான சார்பை எழுதிவிடலாம் என்று மார்ட்டின் பெக்மனும் சகாக்களும் 1956இலேயே கண்டிருந்தார்கள். அந்தச் சார்பு யாருடைய மொத்த நேரமும் அல்ல, கணிதத் தந்திரம் மட்டுமே. ஆனாலும் பள்ளம் பள்ளம்தான். நிஜச் சாலையில் இந்தத் தந்திரம் பலிப்பதில்லை. ஒரு லாரி கார்களைத் தாமதப்படுத்துகிற அளவும் ஒரு கார் லாரிகளைத் தாமதப்படுத்துகிற அளவும் ஒன்றல்ல. சந்திப்பில் கிளைச்சாலைக்காரர் பிரதான சாலைக்கு வழிவிட்டுக் காத்திருப்பார். பிரதான சாலைக்காரர் அவரைக் கண்டுகொள்ளவேமாட்டார். இருவரும் ஒருவரையொருவர் பாதிக்கும் அளவுகள் சமமாக இல்லாதபோது, அந்த அம்புகள் எந்தச் சார்பின் சரிவும் ஆக முடியாது. 1979இல் பிரிட்டனின் மைக்கேல் ஸ்மித், போக்குவரத்துச் சமநிலையைப் பள்ளம் எதையும் நம்பாமல் எழுதினார். 1980இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெல்லா டஃபெர்மோஸ், ஸ்மித் எழுதியிருப்பது ஸ்டம்பாக்கியாவின் மாறுபாட்டு அசமன்பாடேதான் என்று அடையாளம் காட்டினார். ரப்பருக்கும் மேசைக்கும் பிறந்த கணிதம் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

சரி, விடையைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் தோன்றும் வழியே பெரும்பாலும் முதல் வழி. நிற்கும் இடத்தில் அம்பைப் பார், அது காட்டும் பக்கம் ஓர் அடி வை, அனுமதிப் பரப்பைத் தாண்டிவிட்டால் பரப்பில் உனக்கு மிக அருகில் உள்ள புள்ளிக்குத் திரும்பு. மீண்டும் அம்பைப் பார். இப்படித் திரும்புவதற்குக் கணிதத்தில் வீழல் என்று பெயர். சாலைக் கணக்கில் இதன் பொருள்: நேரம் அதிகமான பாதையிலிருந்து கொஞ்சம் கார்களை எடுத்து நேரம் குறைந்த பாதையில் போடு, ஏதேனும் பாதையில் கார் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால், மொத்தம் மாறாமல் சரிசெய்துகொள்.

கணிதர்கள் கோட்பாடு எழுதுவதற்கு வெகு முன்பே பொறியாளர்கள் இதைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1941இல் டி. ஜி. கிறிஸ்டோஃபர்சன் என்பவர் தாங்கிகளில் பரவும் மசகெண்ணெயின் அழுத்தத்தைக் கணக்கிட்டார். புள்ளி புள்ளியாகத் திருத்திக்கொண்டே போகையில் எங்கே அழுத்தம் எதிர்க்குறி பெற்றதோ அங்கே பூஜ்யம் என்று எழுதிவிட்டு மேலே போனார். எண்ணெய்ப் படலம் எங்கே முடிகிறது என்பதும் அந்த ஓட்டத்திலேயே கிடைத்துவிட்டது. அவர் செய்தது ஏன் சரி என்று காலின் கிரையர் நிரூபித்தது 1971இல். முப்பது ஆண்டு இடைவெளியில் எத்தனை தாங்கிகள் அந்தக் கணக்கை நம்பிச் சுழன்றனவோ!

ஸ்டம்பாக்கியாவும் ழாக்-லூயி லியோன்சும் 1967இல் விடை உண்டு என்று நிறுவிய கட்டுரையிலும் இந்த அடி-வீழல் முறைதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அடியைப் போதிய அளவு சிறிதாக வைத்தால், வேறுவேறு இடத்திலிருந்து கிளம்பிய இருவர் ஒவ்வோர் அடியிலும் ஒருவரையொருவர் நெருங்குவார்கள். நெருங்கிக்கொண்டே போனால் ஒரே புள்ளியில்தான் முடியும். இதற்கு அம்புகளிடம் ஒரு நற்குணம் வேண்டும். இரண்டு இடங்களின் அம்புகளை ஒப்பிட்டால், அவை அந்த இரண்டு இடங்களையும் ஒன்றையொன்று நோக்கித் தெளிவாகத் தள்ள வேண்டும். கணிதர்கள் இதை வலுவான ஓரியல்பு என்பார்கள்.

சிக்கல், இந்த 'வலுவான' என்ற சொல்லை எடுத்துவிட்டால் தொடங்குகிறது. அம்புகள் இருவரையும் விலக்கவில்லை, ஆனால் நெருக்கவும் இல்லை என்று வையுங்கள். அப்போது என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பேர் ஆடும் ஒரு சின்ன ஆட்டமே போதும். இருவரும் ஆளுக்கோர் எண் சொல்ல வேண்டும். எதிர்க்குறி எண்ணும் சொல்லலாம். இரண்டையும் பெருக்கி வரும் தொகையை முதலாமவர் இரண்டாமவருக்குத் தர வேண்டும். முதலாமவருக்குத் தொகை குறைய வேண்டும், இரண்டாமவருக்குக் கூட வேண்டும். இருவரும் பூஜ்யம் சொல்வதே சமநிலை. அங்கிருந்து தனியாக நகர்ந்து யாரும் எதையும் ஈட்ட முடியாது.

ஒரு தாளில் முதலாமவர் எண்ணைக் கிடையாகவும் இரண்டாமவர் எண்ணைச் செங்குத்தாகவும் குறித்து, எல்லா இடத்திலும் அம்புகளை வரைந்து பாருங்கள். அம்புகள் மையத்தைச் சுற்றும்; ஒன்றுகூட மையத்தைப் பார்க்காது. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, வெறும் சுழல். அம்பின் நீளத்தில் பாதியை அடியாக வைத்து 1, 0 என்ற புள்ளியிலிருந்து கிளம்பினால் அடுத்தது 1, 0.5, அதற்கடுத்தது 0.75, 1. மையத்திலிருந்து தொலைவு 1 ஆக இருந்தது 1.12 ஆகி, 1.25 ஆகிவிட்டது. பத்தாவது அடியில் 3.05. அடியைச் சிறிதாக்கினால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது. வட்டத்தின் தொடுகோட்டில் எவ்வளவு குட்டியான அடி வைத்தாலும் கால் வட்டத்துக்கு வெளியேதான் விழும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் அதை நிரூபித்துவிடும். சிறிய அடி வைத்தால் மெதுவாகத் தொலைவோம், அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் கணிதரின் குறும்பு என்று ஒதுக்கவும் முடியாது. பொருளாதாரத் திட்டக் கணக்குகளில் ஒரு பக்கம் உற்பத்தி அளவும் மறுபக்கம் விலையும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் முறை ஒன்றை கென்னத் ஆரோ, லியோனிட் ஹுர்விச், ஹிரோஃபுமி உசாவா மூவரும் 1958இல் நூலாக வெளியிட்டிருந்தார்கள். உறவுகள் நேர்கோட்டில் அமைந்துவிட்டால் அதே சுழல் அங்கேயும் எழும். விலை ஏறும், உற்பத்தி கூடும், விலை சரியும், உற்பத்தி குறையும். நிலைக்கு வராமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

1976இல் 'பொருளாதாரமும் கணித முறைகளும்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட ரஷ்ய ஆய்விதழில் கலினா கோர்பெலெவிச் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்ன திருத்தம் ஒரே வரி. அம்பு காட்டும் பக்கம் அடி வை; ஆனால் அங்கேயே நின்றுவிடாதே. அங்குள்ள அம்பைப் பார்த்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பி வா. திரும்பி வந்த இடத்திலிருந்து, அங்கே பார்த்த அம்பின்படி நட. ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குகிறவர் முன்காலை நீட்டித் துழாவிவிட்டு, உடம்பின் பாரத்தைப் பின்காலிலேயே வைத்திருப்பது மாதிரி.

அதே ஆட்டத்தில் போட்டுப் பார்ப்போம். 1, 0 இல் நிற்கிறோம். துழாவும் கால் விழுவது 1, 0.5 இல். அங்கே அம்பு சற்றே திரும்பியிருக்கிறது. அதற்கு உள்நோக்கிய ஒரு சாய்வு இருக்கிறது. அந்த அம்பை 1, 0 க்குக் கொண்டுவந்து அதன்படி நடந்தால் சேர்வது 0.75, 0.5. மையத்திலிருந்து தொலைவு 0.90. பத்து அடியில் 0.35. ஒவ்வோர் அடிக்கும் அம்பை இரண்டு முறை பார்க்கிறோமே, அது நியாயமா என்று கேட்கலாம். பழைய முறைக்கும் இருபது பார்வை கொடுத்தால் அது 9.3க்குப் போய் நிற்கும். கூடுதல் பார்வை கூடுதல் தொலைவைத்தான் தந்தது. முதல் இடத்து அம்பு தொடுகோட்டில் கிடந்தது. அதைத் தாண்டிய இடத்து அம்போ சுழலின் வளைவை ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு, போன பயணத்தை ரத்து செய்துவிடுகிறோம். இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய பலன் தருவது கணிதத்தில் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

இங்கே வலுவான ஓரியல்பு வேண்டியதில்லை. அம்புகள் இருவரை விலக்காமல் இருந்தாலே, அதாவது வெறும் ஓரியல்பே, போதும். அடிக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. இடம் மாறும்போது அம்பு எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அந்த வேகத்தின் தலைகீழ் எண்ணைவிட அடி சிறிதாக இருக்க வேண்டும். துழாவும் கால் வெகுதூரம் போய்விட்டால் அது கொண்டுவரும் செய்தி இந்த இடத்துக்குப் பொருந்தாது அல்லவா.

பிறகு வந்த நாற்பது ஆண்டு ஆய்வின் பெரும்பகுதி இந்த இரட்டைச் செலவைக் குறைக்கும் முயற்சி. அம்பைப் பார்ப்பது என்றால் சாலைக் கணக்கில் நாடு முழுவதற்கும் பயண நேரங்களைக் கணக்கிடுவது. வீழல் என்பதோ பல சமயம் தனியே ஒரு பெரிய கணக்கு. 1980இல் சோவியத் நாட்டின் லியோனிட் போபோவ், துழாவிய காலின் செய்தியை வீசிவிடாமல் அடுத்த அடிக்கும் வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு ஒரே பார்வை போதும் என்றார். பால் ட்செங் 2000இல் வீழலை ஒன்றாகக் குறைத்தார். 2011இல் யாயிர் சென்சோர், அவிவ் கிபாலி, சிமியோன் ரைக் மூவரும் இரண்டாவது வீழலைச் சிக்கலான பரப்பின் மேல் செய்யாமல் ஒரு சமதளத்தின் ஒரு பக்கத்துக்குச் செய்தால் போதும் என்று காட்டினார்கள். சமதளத்துக்கு வீழல் ஒரு வரிக் கணக்கு. 2020இல் யூரா மாலிட்ஸ்கி வெளியிட்ட முறையில், இதுவரை நடந்த புள்ளிகளின் ஒருவகைச் சராசரியிலிருந்து அடியெடுத்து வைக்கிறோம். அந்தச் சராசரியின் எடைகளை நிர்ணயிப்பது 1.618 என்னும் பொன் விகிதம். அழகுக்காகச் சேர்த்ததல்ல. நிரூபணத்தில் ஓர் உறுப்பு எதிர்க்குறி பெறாமல் தப்பிக்கும் எல்லை சரியாக அந்த எண்ணில் வந்து விழுகிறது. அதோடு, அம்பு மாறும் வேகம் முன்கூட்டியே தெரியாவிட்டாலும் நடந்த பாதையைப் பார்த்தே அடியின் நீளத்தை அது தீர்மானித்துக்கொள்ளும். நடைமுறையில் கணக்குப் போடுகிறவருக்குப் பொன் விகிதத்தைவிட இதுதான் பெரிய கொடை.

விடையை நெருங்கும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. ஆர்காடி நெமிரோவ்ஸ்கி 2004இல் இந்தக் குடும்பத்தின் பொது முறை ஒன்றை ஆராய்ந்து, துழாவிய புள்ளிகளின் சராசரியை எடுத்தால் பிழை அடிகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்று நிறுவினார். பத்து மடங்கு துல்லியத்துக்குப் பத்து மடங்கு உழைப்பு. அம்பை மட்டும் பார்த்து நடக்கிற எந்த முறையும், எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக, இந்த விகிதத்தை மிஞ்ச முடியாது.

இந்தப் பழைய கட்டுரைகளை 2017 வாக்கில் வேறொரு கூட்டம் தேடி எடுத்தது. 2014இல் இயன் குட்ஃபெலோவும் சகாக்களும் அறிமுகப்படுத்திய படம் உருவாக்கும் முறையில் இரண்டு நரம்பு வலையமைப்புகள் மோதுகின்றன. ஒன்று பொய்ப்படம் வரைகிறது, மற்றது பொய்யைப் பிடிக்கிறது. ஒன்றின் ஆதாயம் மற்றதன் நட்டம். பயிற்சி கொடுத்தவர்கள் கண்டது நமக்குத் தெரிந்த காட்சிதான்: இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சுற்றும், எதிலும் நிலைக்காது. கான்ஸ்டன்டினோஸ் தஸ்கலாகிஸ் குழு இதற்குப் பரிந்துரைத்த, முந்தைய அடியின் சரிவையும் சேர்த்துக் கணக்கிடும் 'நம்பிக்கை' முறை, வரம்பில்லாத பரப்பில் போபோவின் 1980ஆம் ஆண்டு முறையாகவே முடிகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நரம்பு வலைகளின் அம்புகளிடம் ஓரியல்பு என்ற நற்குணம் கிடையாது. எனவே கோர்பெலெவிச்சின் உத்தரவாதமும் அங்கே செல்லாது. முறை பல நேரம் உதவுகிறது, எப்போது கைவிடும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை.

அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. கோடிக்கணக்கான படங்களில் ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்து அம்பைக் கணிப்பதால், பார்க்கும் அம்பு ஒவ்வொன்றும் நடுங்கும். துழாவும் காலும் நடக்கும் காலும் வெவ்வேறு கைப்பிடிகளைப் பார்த்தால், இரைச்சல் வளைவின் செய்தியை மூழ்கடித்துவிடும். சுழல் ஆட்டம் போன்ற எளிய கணக்கிலேயே கோர்பெலெவிச் முறை மையத்தை அடையாமல் போகலாம். யூ-குவான் ஷியேவும் சகாக்களும் 2020இல் தந்த மருந்து, இரண்டு கால்களுக்கும் ஒரே நீளம் வேண்டாம் என்பது. துழாவும் அடி பெரிதாக இருக்கட்டும், வளைவை இரைச்சலுக்கு மேலே எடுத்துக் காட்டும் அளவுக்கு. நடக்கும் அடியை மட்டும் அதைவிட வேகமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.